பெண்கள் பெட்டியில் என் பேத்தி

அல்சூரில் ஜட்கா ஏறினால் வண்டிக்காரர் குதிரையை உருதுவில் அதட்டுகிறார், என்னிடம் தமிழில் பேசுகிறார், பேட்டைப் பக்கம் திரும்பியதும் எதிரே வரும் மாட்டுவண்டிக்காரரைக் கன்னடத்தில் வைகிறார். மூன்று பாஷைக்கும் குதிரை ஒரே மாதிரிதான் காதை ஆட்டுகிறது. வாலாஜாவில் இருக்கும் நீங்கள் பெங்களூரை ஒரே ஊர் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு ஊர். நாங்கள் குடியிருக்கும் தண்டுப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டாளத்தைச் சேர்ந்தது. கடைவீதியிலும் கோயிலிலும், மாதா கோயிலிலும்கூட, தமிழ்தான் காதில் விழும். பேட்டை மகாராஜாவைச் சேர்ந்தது, அங்கே கன்னடம். நான் இங்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அதில் இருபத்தாறு வருஷம் தண்டில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த கன்னடச் சொற்களை ஒருநாள் எழுதிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. அவற்றில் பதினொன்று காய்கறிப் பெயர்கள். பேட்டைப் பக்கம் போகாமலே இந்த ஊரில் ஒருவன் கிழவனாகிவிடலாம். நான் ஆகியிருக்கிறேன்.

சென்ற வைகாசியில், என் மகளின் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியே பேட்டை ஸ்டேஷனுக்குப் போகவேண்டி வந்தது. மகள் இருப்பது சென்னபட்டணத்தில். மதராஸ் என்று நினைக்கவேண்டாம். இது மைசூர் ரயில் பாதையில் உள்ள சின்ன ஊர், மாப்பிள்ளை அங்கே பட்டுப் பண்ணையில் குமாஸ்தா. மகளுக்கு டைபாய்டு கண்டு, குழந்தையைப் பிரித்து வைக்கும்படி டாக்டர் சொன்னதால் இருபத்து மூன்று நாள் அது எங்களிடம் இருந்தது. பிறகு அவள் தேறி எழுந்து ஒரு கார்டு போட்டாள். “அப்பா, இன்னும் பத்து நாள் போனால் குழந்தைக்கு என்னை அடையாளம் தெரியாது. உடனே கொண்டுவாருங்கள்” என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவியோ கிணற்றடியில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கிக் கிடந்தாள்.

“நீங்க எடுத்துக்கினு போனா கொழந்த முழுசா போய்ச் சேருமா?” என்று மனைவி கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் ஐந்து. காட்பாடியில் ரயிலேறி இந்த ஊருக்கு முதன்முதலாக வந்தபோது மூத்தது கைக்குழந்தை. வழியெல்லாம் நான் எண்ணியது மூட்டைகளை. ஒன்பது மூட்டை. குழந்தை யார் மடியில் இருந்தது, எத்தனை முறை அழுதது, எனக்குத் தெரியாது. என் மனைவியைச் சுற்றி வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு, என்ன ஜனம் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தையைக் கைமாற்றி வாங்கிக்கொண்டார்கள். அது ஏதோ பெண்கள் விவகாரம் என்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆக, அறுபத்து நாலாவது வயதில்தான் ஒரு குழந்தையை மடியில் வைத்து ரயிலில் உட்கார்ந்தேன். பதினான்கு துணி, ஒரு கூஜாவில் காய்ச்சின பால், அதைப் புகட்ட ஒரு பாலாடை.

வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. பாலாடையை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளியது. நாலு தரம் வைத்தேன், நாலு தரமும் என் கோட்டில்தான் பால். எதிர்ப்பலகையில் ஒரு கன்னடத்து அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பலாப்பழக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு தன் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“யாக் சாமி அளுத்தெ மகு? தாயி எல்லி?”

தாயி என்பது புரிந்தது. தாய் கூட வரவில்லையே என்ற அர்த்தத்தில், “இல்லேம்மா, இல்லே” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. “ஹெங்கசர காடீலா?” என்று கேட்டாள். என் நாற்பத்து மூன்றில் அது இல்லை. வயதானவர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தேன், தலையை ஆட்டினேன். “கொடி இல்லி” என்று கை நீட்டினாள், கொடுத்தேன். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பிளாட்பாரத்தில் இறங்கினாள். நடந்து ஆற்றப் போகிறாள் என்று நினைத்து, ஈரக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கார்டு விசில் ஊதினான். நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஓட்டமும் நடையுமாக முன்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. அந்த அம்மாளையும் காணோம், குழந்தையையும் காணோம்.

எழுந்து அவள் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “எங்கய்யா என் பேத்தி? உம் பெண்டாட்டி எங்கே?” அவர் வெற்றிலையை மென்றபடி, சாவதானமாக, “இல்லே சாமி, இல்லே இதாளெ, இல்லே” என்றார். அந்தச் சொல்லை அவர் மூன்று முறை சொன்னார். அபாயச் சங்கிலிக்குக் கையை உயர்த்திவிட்டேன்.

மூலையில் வளையல் பெட்டியோடு இருந்த ஒருவர் பாய்ந்து என் கையைப் பிடித்தார். ஓசூர்க்காரராம். “பெரியவரே, உக்காருங்க மொதல்ல. இவுங்க பாஷையில இல்லேன்னா இங்கியேதான்னு அர்த்தம். நீங்க தாயி இல்லேன்னீங்க, அந்தம்மா, தாயி இந்த வண்டியிலேயே இருக்கான்னு எடுத்துக்கிச்சு. பொம்பளைங்க பெட்டியிலயான்னு கேட்டதுக்குத் தலைய வேற ஆட்டினீங்களே! ஆத்தாகிட்ட பால் குடிக்கட்டும்னு தூக்கிக்கினு ஓடியிருக்குது.” சிரித்துக்கொண்டே, “ரெண்டு பேருமே பொய் சொல்லலீங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத தாயைத் தேடிப் போனவள், இல்லை என்று தெரிந்ததும் என்ன செய்வாள்? திருட்டுக் குழந்தை என்று யாராவது கார்டிடம் கொடுத்துவிட்டால்? கெங்கேரி வரை வண்டி நிற்காது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியும் கிடையாது. தந்திக் கம்பங்களை எண்ண ஆரம்பித்தேன். எழுபதுக்குமேல் தப்பிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். முழுசா போய்ச் சேருமா என்று என் மனைவி கேட்டது நடுவே நடுவே வந்து எண்ணிக்கையைக் கலைத்தது.

கெங்கேரியில் வண்டி நிற்குமுன்பே இறங்கி ஓடினேன். ஓசூர்க்காரரும் பின்னாலேயே வந்தார். பெண்கள் பெட்டி; கிழவனானாலும் எட்டிப் பார்க்கக்கூடாத இடம். கதவருகே அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஏன் சாமி, இல்லே அந்த்ரி, எல்லூ இல்வல்லா!” இதற்கு எனக்குத் துபாஷி தேவைப்படவில்லை. இங்கே என்றீரே, எங்கேயும் இல்லையே! பெட்டிக்குள் பலகை பலகையாகப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் உன் குழந்தையா, உன் குழந்தையா என்று கேட்டாளாம். பதினேழு பெண்கள் இல்லை என்றார்களாம். பதினெட்டாவது பெண் கேள்விக்குப் பதில் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டாளாம்.

உள்ளே ஒரு சின்னப் பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் அவள் குழந்தை தூங்குகிறது. மறுபக்கம் முந்தானைக்குள்ளிருந்து என் பேத்தியின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன, அசையாமல். என்ன ஜாதி, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்கும் கேள்விகள் என் தொண்டைவரை வந்தன. இருபத்து மூன்று நாளாக அந்தக் குழந்தை இப்படிச் சத்தம் போட்டுக் குடித்து நான் கேட்டதில்லை. “கொடும்மா” என்று கை நீட்டினேன். அவள் திரும்பாமலே, “ஹோகி சாமி, குடீலி” என்றாள்.

“நீங்க போங்க, குடிக்கட்டும்ங்குது” என்றார் ஓசூர்க்காரர். “அந்தப் பொண்ணு பிடதியிலதான் எறங்குமாம்.”

மணி அடித்தது. பிடுங்கிக்கொண்டு வரலாம், அழவிடலாம், முழுசாகக் கையில் வைத்திருக்கலாம். நான் என் பெட்டிக்குத் திரும்பி நடந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அது சரிதானா என்று தெரியவில்லை. பிடதி வரும்வரை உட்காரவும் முடியவில்லை. பலாப்பழத்து அம்மாள், இப்போது தன் இடத்துக்கு வந்துவிட்டவள், எனக்கு ஒரு சுளை கொடுத்து, நான் தின்னாமல் கையில் வைத்திருப்பதைப் பார்த்துத் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். நம் பக்கத்தில் நாலு கேள்வி கேட்ட பிறகே குழந்தையை வாங்குவார்கள். இந்த அம்மாள் கேட்டதோ தாய் எங்கே, பெண்கள் பெட்டியிலா என்ற ஒன்றரைக் கேள்வி. அதற்கும் நான் தப்பாகப் பதில் சொல்லியிருந்தேன்.

பிடதியில் அந்தச் சின்னப் பெண் தானே என் ஜன்னலுக்கு வந்து குழந்தையை நீட்டினாள். வாயோரத்தில் பால், கண் மட்டும் நன்றாக விழித்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் தன் குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது அதன் வயிற்றில் இருக்கப்போவது யார் பால் என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ஹெசரேனு?” என்றாள். இந்தச் சொல் என் நாற்பத்து மூன்றில் உண்டு.

“பொன்னி” என்றேன்.

“ஹொன்னி” என்றாள், நான் தப்பாகச் சொன்னதைத் திருத்துவதுபோல. நம் பொன் அவர்கள் பாஷையில் ஹொன்னு. வண்டி நகர்ந்தது. அவள் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே சில அடி நடந்து, “ஹொன்னீ” என்று கூப்பிட்டாள். குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் கொஞ்சம் அவசரமாக, “பொன்னி” என்றேன். என் பக்கம் திரும்பியது. “ஹொன்னீ” என்று மறுபடியும் வெளியிலிருந்து கேட்டது. பேத்தி என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.