சுறாவை நான் குத்தவில்லை

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. தெரியாத நம்பர். பாராட்டப்போகும் வாசகர் என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன். போன வாரம் இதே பக்கத்தில் எழுதிய சுறா கட்டுரைக்கு அப்படி ஒரு வரவேற்பு!

“சார், நான் ரம்யா. உங்களக் கடலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனேனே...”

“அட, சொல்லுமா! கட்டுரை படிச்சியா?”

“படிச்சேன் சார். ‘பயிற்சியாளர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்’னு எழுதியிருக்கீங்க. நான் தள்ளியா சார் நின்னேன்?”

“அது... எழுதுற வேகத்துல...” என்று இழுத்தேன். வாரம் தவறாமல் ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் இது.

அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பொறுமையாகத்தான் பேசினாள். சித்தூரிலிருந்து ஒரு காலேஜ் கும்பல், இருபது பேர், ஸ்கூபா டைவிங்குக்கு புக் செய்திருந்தார்களாம். என் கட்டுரை வாட்ஸ்அப்பில் சுற்றியதும் கேன்சல். அடுத்து வந்த போன்களிலும், “ஆளக் கடிக்கிற சுறா இருக்குதாமே?” என்று ஒரே கேள்வி.

“மழைக்கு முன்னாடி இந்த ரெண்டு மாசந்தான் சார் தண்ணி தெளிவா இருக்கும். இந்த வருசந்தான் அண்ணனும் நானும் சொந்தமா ஆரம்பிச்சோம். படகு மணல்லயே நிக்குது. உண்மைய ஒரே ஒரு வரி எழுதிடுங்க சார், போதும்.”

ஒரு வரி போதாது. நான் விட்ட கதை அரைப் பக்கம். உண்மைக்கும் அரைப் பக்கமாவது தரவேண்டாமா?

போன வாரம் படிக்காத பாக்கியசாலிகளுக்காக — பத்தடிச் சுறா ஒன்று என்மேல் பாய்ந்தது. நான் முஷ்டியை மடக்கி அதன் மூக்கில் ஒரு குத்து விட்டேன். அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. இதுதான் கதைச் சுருக்கம். நடந்தது இது:

யோசனை என் மச்சான் முனிரத்தினத்துடையது. நகரியில் பவர்லூம் வைத்திருக்கிறான். காலை முதல் தறிச் சத்தத்தில் நின்று நின்று, யாரிடம் பேசினாலும் கத்தித்தான் பேசுவான். “மாமா, எத்தினி நாளு மலையவே பாத்துக்கினு இருப்ப? வா, கடலுக்கு உள்ள பூந்து பாத்துட்டு வந்துருவோம்!” என்று போனில் கத்தினான். நம்புவீர்களா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் புதுச்சேரிப் பக்கம் ஒரு கடற்கரையில் நின்றுகொண்டிருந்தோம்.

ரம்யா மீனவர் வீட்டுப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். சொன்னதையே மூன்று தடவை சொன்னாள் — தண்ணீருக்குள் என்ன நடந்தாலும் வாயில் கடித்திருக்கும் காற்றுக்குழாயை மட்டும் விடக்கூடாது. முனிரத்தினத்துக்குச் சந்தேகம். “தும்மல் வந்தா?”

“குழாய்க்குள்ளயே தும்முங்க சார்.”

“இருமல்?”

“அதுவும் குழாய்க்குள்ளயேதான் சார்.”

படகில் ஏறியதும் நான், “திருமலை எந்தப் பக்கம்?” என்று கேட்டு, அந்தத் திசையில் ஒரு கும்பிடு போட்டேன். திருப்பதிக்காரனுக்கு அது அனிச்சைச் செயல். வண்டி சாவி போட்டாலும் கோவிந்தா, லிஃப்ட் நின்றாலும் கோவிந்தா, பரீட்சை ரிசல்ட் வந்தாலும் வராவிட்டாலும் கோவிந்தா! அந்தப் பழக்கம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். முதலில் நான். இருபதடி ஆழம்தான். ரம்யா என் முதுகுச் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வந்தாள். மஞ்சள் மீன்கள், பாறை, வெளிச்சம்... அரை நிமிடம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் அதைப் பார்த்தேன்.

மணலை ஒட்டி, ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கருப்பு உடம்பு. நிறுத்தி வைத்தால் என் இடுப்பு வரை வரும், அவ்வளவுதான் நீளம். ஆனால் அந்தக் கண்கள்! பச்சைப் பசேலென்று, தலைக்குப் பொருந்தாத பெரிய கண்கள். ரம்யாவே ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டாள். அது மெதுவாக வாலை ஆட்டி, எங்கள் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது.

முஷ்டி எல்லாம் மடங்கவில்லை, சார்! இரண்டு கையும் தானாகத் தலைக்குமேல் குவிந்தன. வாய் தானாகத் திறந்தது. “கோவிந்தா!”

குழாய் ஒரு பக்கம் போனது. கடல் வாய்க்குள் வந்தது. அந்த உப்பும் மூச்சு நின்ற அந்த நொடியும்... வேண்டாம், அதை அலங்கரித்து எழுத எனக்கு மனசு வரவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன். ரம்யா ஒரு கையால் என் தாடையைப் பிடித்தாள். இன்னொரு கையால் அவளுடைய உபரிக் குழாயை என் வாய்க்குள் திணித்தாள். நான் உதைத்தேன், அவள் விடவில்லை. முகத்துக்கு நேராக முகம் வைத்து, மூச்சு விடு, மூச்சு விடு என்று கையாலேயே சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக மேலே கொண்டுவந்தாள். இந்தப் பெண்ணைத்தான் ‘சற்றுத் தள்ளி நின்றிருந்தார்’ என்று எழுதினேன்.

மேலே வந்ததும் இன்னொரு கூத்து. முனிரத்தினம் பதறிப்போய் என்னைப் படகுக்குள் இழுத்த இழுப்பில், ஏணிக்கம்பியில் மோதி மணிக்கட்டு பிசகியது. என் வீரத்தழும்பு இதுதான்! தண்ணீரில் கால்கூட நனைக்காத முனிரத்தினம்தான் இந்தச் சம்பவத்தின் கண்கண்ட சாட்சி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கை பிசகினால் எங்கள் பக்கத்து ஆள் என்ன செய்வான்? வழியில் எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டி, நேராகப் புத்தூருக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள்வான். நாங்களும் வந்தோம். நான்கு மணிநேரத்துக்குமேல் பிரயாணம். சுறா வளர அது போதாதா? திண்டிவனத்தில் டீக்கடைக்காரரிடம் சொன்னபோது நாலடி. திருத்தணி தாண்டும்போது ஏழடி. நகரியில் முனிரத்தினம் வீட்டு வாசலில் கூட்டம் கூடியதும், அது என்னைக் கவ்வ வந்தது. குத்து விட்டது அங்கேதான். நான் சொல்லவில்லை, முனிரத்தினம் சொன்னான். நான் மறுக்கவில்லை.

புத்தூரில் கட்டுப் போடுபவர் மட்டும் அசையவில்லை.

“எப்டி ஆச்சி?”

“சொர மீனுங்க! மாமா அத்த வுட்டாரு பாருங்க ஒரு குத்து...” என்று ஆரம்பித்தான் முனிரத்தினம்.

“சொர முட்னா இன்னா, மாடு முட்னா இன்னா? நரம்பு பெரண்டுக்கினு கீது. கம்முனு கைய காட்டு.”

ஆனால் அந்த வெள்ளைக் கட்டோடு திருப்பதியில் வந்து இறங்கியபோது, எனக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. தெருவில் ஆளாளுக்குக் கட்டைத் தடவிப் பார்த்து, “எந்த பெத்ததி சார்?” என்று தெலுங்கில் கேட்டார்கள். எவ்வளவு பெரியது என்று கேட்கும்போதே கையை விரித்துக் காட்டினார்கள். அவர்கள் கை விரிந்த அளவுக்கு நான் தலையாட்டினேன். கடலே இல்லாத ஊரில் சுறாவை அளந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

பயந்தேன் என்று சொல்ல நமக்கு ஏன் இத்தனை பயம்? “பயத்தில் கத்தினேன், ஒரு பெண் காப்பாற்றினாள்” என்று சொன்னால் இரண்டு நிமிடம் சிரிப்பார்கள். அவ்வளவுதானே? அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்க, பெற்றவளுக்கு அடுத்தபடி எனக்கு மூச்சுக் கொடுத்தவளைத் தள்ளி நிறுத்திவிட்டேன். அவள் போன் வைத்தபிறகு ரொம்ப நேரம் வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இதுவரை எழுதியதை நேற்று ரம்யாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கோவிந்தா வந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். முடிந்ததும், “ஒண்ணு விட்டுட்டீங்க சார்” என்றாள்.

“என்னம்மா?”

“அந்தச் சுறா மறுநாளே செத்துக் கரை ஒதுங்கிடிச்சி. எங்கப்பா வந்து பாத்தாரு. ரொம்ப ஆழத்துல, வெளிச்சமே இல்லாத எடத்துல கெடக்குற சுறாவாம். அந்தக் கண்ணப் பாத்தே சொல்லிட்டாரு. சீக்கு வந்தா இப்பிடி வழி தப்பி மேல வந்துருமாம். அன்னிக்கு அதுக்கு நாம இருந்ததே தெரிஞ்சிருக்காதுன்னாரு. அதையும் எழுதுங்க சார். இல்லன்னா யாரும் தண்ணில எறங்க மாட்டாங்க.”

சாகக் கிடந்த ஒரு மீனைக் குத்தி விரட்டியதாக எழுதி, இத்தனை கைத்தட்டலை வாங்கியிருக்கிறேன்!

சித்தூர் காலேஜ் பிள்ளைகளே, தைரியமாகப் போய் இறங்குங்கள். அந்தக் கடலில் பயப்பட இனி ஒன்றுமில்லை — சுறா செத்துவிட்டது, நானும் கரையேறிவிட்டேன்.