அணிலுக்கு எத்தனையாவது இடம்

சிந்துஜாவோடு படம் பார்க்கப் போனால், படம் முடிந்த பிறகுதான் அவளுக்கு உற்சாகம் வரும். தியேட்டரை விட்டு வெளியே வந்து ஒரு பிளேன்டீ கைக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவாள். படத்தில் வந்த அத்தனை பேரையும் யோக்கியத்தின்படி வரிசையில் நிறுத்துவாள். முதலாவது யார், கடைசி யார் என்று சொல்லி முடிக்காமல் எழும்ப மாட்டாள். அழகு, வீரம், ஆட்டம், பாட்டு எதுவும் அவளிடம் செல்லாது. கதாநாயகன் ஊரையே காப்பாற்றியிருந்தாலும், நடுவில் கூட்டாளியிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு முதல் இடம் கிடையாது. ஒருமுறை கதாநாயகியை வில்லனின் டிரைவருக்குக் கீழே போட்டுவிட்டாள். "அந்த டிரைவர் கூலிக்கு மாரடிச்சான். இவ சொந்தத் தங்கச்சிய தெரிஞ்சே ஏமாத்துனா" என்றாள். நான் மல்லுக்கட்டிப் பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஒரே அறையில் இருவரும் போர்டிங் இருந்தோம். என் பெயர் டிலானி. கண்டி டவுனில் ஒரு சாரிக்கடையில் வேலை. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவள். யாராவது கேட்டால் அதைச் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன், என் வாய் அப்படி. சிந்துஜா ஒரு மருந்துக்கடையில் நின்றாள். தாய் தகப்பன் இல்லை, கண்டியில் மாமா வீட்டில் வளர்ந்தேன், மாமா இப்போது வெளிநாட்டில் என்று சொல்லியிருந்தாள். நானும் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையிலும் அவள் அப்படித்தான். ஒருநாள் ஒரு கிழவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். தெரிந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடி, நின்ற பஸ்ஸிலெல்லாம் ஏறி இறங்கி அவரைக் கண்டுபிடித்தாள். முதலாளி ஏசினார். "ஏசுங்க. அந்த மனுசன் முழுங்கியிருந்தா?" என்று திருப்பிக் கேட்டாளாம். இப்படிப்பட்டவள் வாயிலிருந்து பொய் வரும் என்று எந்தக் கோயிலில் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மாதத்துக்கு ஒருமுறை பாலம்மா வருவாள். கூனிய முதுகு, சாயம் போன சேலை, கையில் ஒரு சீலைப்பை. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவருவாள். "முந்தி எங்க மாமா வீட்ல வேலைக்கு நின்னவங்க. பாசம், விட மாட்டாங்க" என்று சிந்துஜா முதல் நாளே சொல்லிவிட்டாள். பாலம்மாவும் அவளை "சிந்துஜாம்மா, வாங்க, சாப்பிடுங்க" என்றுதான் கூப்பிடுவாள். என் முன்னால் ஒருநாளும் கதிரையில் உட்கார்ந்தது கிடையாது.

ஒரு சனிக்கிழமை தலைவலியென்று கடையில் சொல்லிவிட்டு நேரத்தோடு அறைக்கு வந்தேன். கதவு பூட்டியிருக்கவில்லை. சிந்துஜா தரையில் படுத்திருக்கிறாள், தலை பாலம்மாவின் மடியில். பாலம்மா சிக்கெடுத்துக்கொண்டே, "ஏன்டி, எண்ணெயே வைக்கிறதில்லயா? என்ன மயிரு இது, தும்பு மாதிரி" என்கிறாள். "அம்மா, வலிக்குதும்மா, மெதுவா" என்கிறாள் இவள்.

என்னைக் கண்டதும் பாலம்மா மடியிலிருந்த தலையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். எழும்பியவள் என்ன செய்தாள் தெரியுமா? மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அறையைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். குப்பையே இல்லாத தரை. சொந்தத் தாய், மகளின் அறையில், நான் பார்க்கிறேன் என்பதற்காக வேலைக்காரியாகக் கூட்டுகிறாள்.

"சிந்துஜா, இவங்க உங்கம்மாவா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். பாலம்மாதான் பேசினாள்.

"அவள ஒன்னும் சொல்லாதீங்க புள்ள. நாந்தான் சொன்னேன். வேல கேக்க வந்த அன்னைக்கு நானும் கூட வந்து கடை வாசல்ல நின்னேன். அதுக்கு முந்தி வந்துட்டுப் போன புள்ளைய, தோட்டத்துப் புள்ள கவுண்டர்ல நிக்கச் சரிவராதுன்னு உள்ள சொல்லிச் சிரிச்சது என் காதுல வுழுந்துச்சு. பொறவு மொதலாளி என்னயக் காட்டி இது யாருன்னாரு. நான் இவங்க வீட்டு வேலக்காரி ஐயான்னுட்டேன். அவ வாயத் தொறக்கும் முந்தியே சொல்லிட்டேன்."

பாலம்மா மடுல்கெலைத் தோட்டத்தில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். சிந்துஜா சின்னவளாக இருந்தபோதே புருசன் போய்விட்டான். மலையில் ஏறி இறங்கித்தான் இவளை ஏ.எல். வரை படிக்கவைத்தாள். கண்டியில் மாமாவென்று ஒருவருமில்லை. கடை வாசலில் தாய் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மாமா வந்தார், மாமாவுக்கு வீடு வந்தது, பிறகு கதையில் தாயும் செத்துப்போனாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லயத்தில் பிறந்ததை டவுன் முழுக்கச் சொல்லித் திரிகிறவள் நான். எனக்கே சொல்லவில்லையே!

அதைவிடப் பெரிய இடி பிறகுதான் விழுந்தது. அப்போது சிந்துஜாவுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை நிரோஷன் பேங்கில் வேலை செய்கிறவன். யாழ்ப்பாணத்து ஆட்கள், தகப்பனின் உத்தியோகத்தோடு கண்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். தகப்பன் இப்போது இல்லை. தாய் மங்கையர்க்கரசி பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், ஊரில் எல்லோருக்கும் ரீச்சர். அவர்களுக்கும் இதே மாமா கதைதான் சொல்லப்பட்டிருந்தது. "அப்ப கல்யாணத்துக்கு நீங்க?" என்று பாலம்மாவைக் கேட்டேன். "வராம இருப்பேனா? குசினியில சமையல் ஆளுங்களோட நிப்பேன். அங்க இருந்து பாத்தா மணவறை தெரியுமான்னு கேட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் சிந்துஜாவைச் சும்மா விடவில்லை. "ஊர்ல உள்ள எல்லாருக்கும் ரேங்க் போடுறியே, உனக்குப் போடு பாப்போம்" என்று கேட்டுவிட்டேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தை மாதத்தில் நாள் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் பிறகு சொன்னாள்.

அடுத்த மாதம் பாலம்மா வந்த சனிக்கிழமைதான் நிரோஷன் எல்லோரையும் படத்துக்குக் கூப்பிட்டிருந்தான். போனில் அவன் இரவு பகலாக விளையாடும் விளையாட்டைக் கார்ட்டூன் படமாக எடுத்திருக்கிறார்களாம், தமிழில் டப்பிங். ரீச்சர் எங்கள் போர்டிங்குக்கே வந்துவிட்டார். மாமா வீட்டு வேலைக்காரி என்று சொல்லப்பட்டிருந்த பாலம்மாவை வாசலில் கண்டு, "அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். தனிய இருந்து என்ன செய்யப்போறா?" என்றார். மாட்டேன் மாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியதும் அவர்தான்.

படத்தில் எல்லோரும் மிருகங்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு எண் மிதக்கிறது. விளையாட்டில் அது எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதற்கு அடையாளம். பெரிய எண் இருந்தால்தான் மலைமேல் இருக்கும் கோட்டைக்குள் விடுவார்கள். முயல் ஒன்று வீரன். ஆமை ஆயுதம் செய்து கொடுக்கிறது. நரி திருட்டு. கரும்புகை என்று ஒரு மந்திரவாதி எல்லாருடைய எண்ணையும் உறிஞ்சுகிறான். அப்புறம் ஒரு அணில். கஷ்டப்பட்டு எண்ணைக் கூட்டிக்கொண்டு, கிழட்டுத் தாயையும் கூட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வருகிறது. தாயின் தலைக்கு மேல் வெறும் ஒன்று. "இது யார்?" என்று காவல்காரன் கேட்கிறான். அணில் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் பார்த்துவிட்டு, "என் மூட்டை தூக்குகிற ஆள்" என்கிறது. கதவு திறக்கிறது. அணில் உள்ளே போகிறது, தாய் வெளியே நிற்கிறது.

படம் எடுத்தவன் எங்கள் அறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனானா? சிந்துஜாவைத் திரும்பிப் பார்க்கவே பயமாயிருந்தது. அந்த நேரம் பார்த்து மறுகோடிக் கதிரையிலிருந்து பாலம்மாவின் குரல், தியேட்டருக்கே கேட்கிற மாதிரி: "அது சரிதான். புள்ள உள்ள போனாக் காணும், அது போதும்."

படம் விட்டு ஒரு சைவக் கடையில் வந்து உட்கார்ந்தோம். பாலம்மா தூணோரம் நிற்கப் போனாள். ரீச்சர் விடாமல் பக்கத்தில் இருத்தி வடையைத் தள்ளி வைத்தார். நிரோஷனுக்கு ஒரே பெருமை. "அம்மா, சிந்துஜா ரேங்க் போடுறதைக் கேளுங்கோ. நீங்கள் பேப்பர் திருத்தினதைவிடக் கடுமை" என்றான். முதலில் தன்னுடையதைச் சொன்னான். ஆமை முதலாவது, முயல் இரண்டாவது, நரி கடைசியில் திருந்தியதால் மூன்றாவது. "கரும்புகைக்கும் கீழ அணில். கரும்புகை கெட்டவன்தான், ஆனா தாயை இல்லையெண்டு சொல்லேல்ல."

"ஓம், அது சரி" என்றார் ரீச்சர். "பிள்ளை, இனி நீ சொல்லு."

சிந்துஜா கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஏதாவது மழுப்பிவிடு என்று எனக்குள் ஒரு பாதி வேண்டியது. மழுப்பினாயோ இன்றே அறையைக் காலி பண்ணிவிடுவேன் என்று மறுபாதி கொதித்தது.

"ஆமை முதலாவது இல்ல" என்றாள். "அணிலோட அம்மாதான் முதலாவது. அவங்கள ஒருத்தரும் கணக்கிலயே எடுக்கல்ல."

"அணில்?" என்றான் நிரோஷன்.

"கடைசி. வாசல்ல பயத்துல சொன்னது ஒரு வார்த்தை. அத மன்னிக்கலாம். ஆனா உள்ள போன பிறகு திரும்பி வந்து திருத்திச் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்துச்சு. சொல்லவே இல்ல." அதோடு நிறுத்தவில்லை. "நானும் சொல்லல்ல. ரீச்சர், எனக்கு மாமா ஒருத்தரும் இல்ல. இவங்க வேலைக்காரி இல்ல, என்னைப் பெத்த அம்மா. மடுல்கெலையில கொழுந்து எடுக்குறாங்க."

நிரோஷன் கையில் எடுத்த வடையை அப்படியே வைத்தான். முடிந்தது, எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி ஆவது ஆகட்டும் என்றுதான் நினைத்தேன். பாலம்மாவை நான் சரியாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

"ஐயோ, இல்லைங்கம்மா!" என்று எழும்பிவிட்டாள் பாலம்மா. "நம்பாதீங்க. இந்தப் புள்ளைக்கு எளகின மனசு. படத்தப் பாத்துட்டுப் பேசுது. நான் வேலக்காரிதான். சம்பளம் வாங்கினேன், சாப்பாடு போட்டாங்க. முருகன் மேல ஆணையா எனக்குப் புள்ளையே கெடையாது!"

அவள் முருகனைக் கும்பிடாமல் வாயில் ஒரு பருக்கை வைக்காதவள். பெற்ற பிள்ளையைப் பிள்ளையே இல்லையென்று, அதுவும் சாமி மேல் ஆணையிட்டு! மகள் தாயை மறைத்ததை நான் பார்த்தேன், ஏசினேன். தாய் மகளை மறைப்பதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, போதும்மா" என்று சிந்துஜா அவள் கையைப் பிடித்தாள். பாலம்மா உதறினாள். "என்னைய அம்மான்னு சொல்லாதீங்க சிந்துஜாம்மா. ரீச்சரம்மா தப்பா நினைப்பாங்க."

"நான் இன்னைக்கு இவங்களோடயே பஸ் ஏறுறேன்" என்றாள் சிந்துஜா, நிரோஷனைப் பார்த்து. "வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. வேணும்னா மடுல்கெலைக்கு வந்து லயத்துல பொண்ணு கேளுங்க."

"வராதீங்க!" என்று கத்தினாள் பாலம்மா. "அங்க ஒருத்தரும் இல்லைங்க. அந்தக் காம்பரால யாருமே இல்ல."

நிரோஷன் தாயைப் பார்த்தான். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். சிந்துஜாவைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை, பாலம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்கோ, நிண்டுகொண்டு கதைக்காதேங்கோ" என்று பாலம்மாவைத் தோளில் அழுத்தி இருத்தினார். "சம்பளத்துக்கு நிண்ட மனுசி ஒருத்தி இப்பிடிச் சத்தியம் பண்ணிப் பொய் சொல்லமாட்டா. நானும் ஒரு பிள்ளையைப் பெத்தனான்."

பிறகு சிந்துஜா பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பே இல்லை. "நீ போட்ட ரேங்க் சரி பிள்ளை. அணில் கடைசிதான். நீயும் கடைசிதான். எனக்குச் சரியான கோவம்." சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். ரீச்சர் மறுபடி பாலம்மாவிடம் சொன்னார்: "வாற ஞாயிற்றுக்கிழமை நானும் இவனும் மடுல்கெலைக்கு வாறம். கடைசி இடத்தில நிக்கிற பிள்ளையை எங்கட வீட்டுக்கு எடுக்கலாமோ எண்டு பெத்த தாயிட்டத்தான் கேக்கவேணும்."

பாலம்மா கடைச் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படங்களைப் பார்த்தாள். இன்னொரு ஆணைக்குச் சாமி தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சட்டென்று மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி, வார ஞாயித்துக்கெழமையா? நம்ம வீட்ல கதிரை ரெண்டுதானேடி இருக்கு!"