என்னை நீக்கிய தோழி

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கி வந்து நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குக் கொடுப்பது என் தொழில். ஆர்டர் எடுக்கும் வாட்ஸ்அப் குரூப்பைத் தோழி கவிதா பார்த்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் பார்த்தால், அந்தக் குரூப்பிலிருந்து என்னையே நீக்கியிருந்தாள். நேரில் போய்க் கேட்டேன்.

“கஸ்டமருங்க எங்கிட்டதான பேசறாங்க? மீன் எடுத்தார வேற ஆளு பாத்துட்டேன்,” என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. இவளைச் சும்மா விடக்கூடாது என்றுதான் தோன்றியது. மீன் கொடுத்த வீடெல்லாம் எனக்குத் தெரியும். பிளாக் பிளாக்காக ஸ்கூட்டியில் போய்க் கதவைத் தட்டி, எல்லோரையும் புதுக் குரூப்பில் சேர்த்தேன். தினமும் துறைமுகத்திலிருந்தே அன்றைய மீனை வீடியோ எடுத்துப் போட்டேன். எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்று பெண்கள் தங்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்தார்கள். கவிதாவின் வியாபாரம் படுத்துவிட்டது.

பிறகு ஒருநாள் அவளே என் குரூப்பில் வந்து சேர்ந்தாள். பழைய கஸ்டமர் ஒருவர் போன் செய்து, “அவளத் தூக்கிடுங்க” என்றார்.

“இருக்கட்டுங்க. நான் விக்கிறதப் பாத்துகினே இருக்கட்டும்,” என்றேன்.

இன்றும் வீடியோ போட்டதும், அவள் பார்த்துவிட்டாளா என்றுதான் முதலில் தேடுகிறேன். ஆர்டர்களைப் படிப்பது அதற்குப் பிறகுதான். அவளை நீக்கிவிட்டால் நிம்மதி எனக்குத்தான் என்று தெரிகிறது. இன்னும் மனம் வரவில்லை.