இல்லாத இரண்டாம் பாகம்

எங்கள் திரைப்பட வட்டத்துக்கு நிர்வாகிகள் பதினொரு பேர். தலைவர் ஒருவர், உபதலைவர்கள் இருவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், அதன் பிறகு நிர்வாகசபை உறுப்பினர் என்று ஐவர். கனகராயன்குளத்தில் மாதத்துக்கு ஒரு படம் காட்டுவதற்கு இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள். பார்க்க வந்தவர்களின் தொகை எங்கள் தொகையைத் தாண்டிய மாதங்கள் நான்கு.

எல்லோரும் தொண்டர்கள். சம்பளம் வாங்காதவர்களை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் எங்கள் வட்டத்தின் எழுதப்படாத யாப்பு விதி. அதை அறிந்துதான் பலர் தொண்டுக்கு வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நான் அந்த ஐவரில் ஒருவன். முப்பத்தொரு வருடம் கணிதமும் ஆங்கிலமும் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டுப் படங்களின் கீழே ஓடும் ஆங்கில வரிகளை ஒலிவாங்கியில் தமிழில் சொல்வது என் வேலை. ஒவ்வொரு படத்தையும் வீட்டில் இரண்டு தரம் பார்த்து வரிகளை எண்ணி வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போவேன். மற்றப் பத்துப் பேரில் ஒருவர்கூடப் படத்தை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. பலர் பிறகும் பார்ப்பதில்லை.

அவர்களுக்குப் பிடித்தது படத்துக்கு முந்திய பகுதி. மங்கல விளக்குக்கு ஐந்து திரி. பதினொரு பேரில் ஆறு பேருக்குத் திரி கிடைக்கவில்லை என்று முதல் மாதமே மனவருத்தம். இரண்டாவது குத்துவிளக்கு ஒன்றைத் தேடிப்பிடித்தார்கள். அப்போதும் ஒருவர் மிச்சம். அந்த ஒருவன் நான். பிறகு மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. மண்டபத்தில் அறுபது பிளாஸ்டிக் கதிரைகள். எல்லாம் ஊர் மரணச் சங்கத்தினுடையவை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் எங்கள் படம் தள்ளிப்போகும். அந்த மாதங்களில் எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை.

தலைவர் கல்விக் கந்தோரில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். இப்போதும் வாய்க்காலுக்குக் கீழே ஐந்து ஏக்கர் வயல் செய்கிறார். வயலில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். வயலோடு நின்றிருக்கலாம். தலைமையுரையில் அன்றைய படத்தின் கதையை முழுதாகச் சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். யார் சாவார், யார் யாரைக் கட்டுவார், எல்லாம் வந்துவிடும். சனம் விளங்காமல் கஷ்டப்படக் கூடாதாம். சொல்லி முடித்ததும் அதிதியோடு பின்னறைக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அவர் ஒரு படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் ஒரு படம் போட்டோம். மலைநாடு ஒன்றில் ஒரு விதவை, ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலம். அதற்குப் பத்திரம் கேட்டு அவள் ஒரு கந்தோருக்கு நடக்கிறாள். மூன்று முறை திருப்பி அனுப்புகிறார்கள். மூன்றாம் முறை அவள் வந்த பாதையால் திரும்பி நடக்கிறாள். அதோடு படம் முடிகிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள். பேச்சுக் குறைந்த படம்.

அன்றைக்குப் புளியங்குளத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள். எங்களோடு கதைக்கும்போது "ஓம்" என்பார்கள், தங்களுக்குள் கதைக்கும்போது "ஆமா" என்பார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். படம் முழுவதும் வெற்றிலை போட்டபடி பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தொலைபேசி மூன்று தரம் அடித்தது. எனக்கு ஆத்திரம்தான்.

படத்துக்கு முன் தலைவர் கதை சொன்னார். விதவை கந்தோருக்குப் போகிறாள் என்பது வரை சரி. பிறகு அவர் சொன்னார்: "கடைசியில் அந்தத் தாய் கந்தோர்ப் படியிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள். மூன்றாம் நாள் பெரியவர் தானே இறங்கி வந்து பத்திரத்தைக் கையில் கொடுக்கிறார். விடாமுயற்சியின் வெற்றி இது."

அப்படி ஒரு காட்சியே இல்லை. நான் செயலாளரின் முழங்கையைத் தட்டினேன்.

"சேர், தலைவர் கதைக்கேக்க குறுக்க போகக்கூடாது," என்றார் அவர். காப்புறுதி முகவர், யாரையும் பகைக்காமல் வாழப் பழகியவர்.

படம் முடிந்தது. மின்விளக்கைப் போட்டோம். அந்த எட்டுப் பேரும் எழும்பவில்லை.

"மிச்சத்தைப் போடுங்கோ," என்றார் கூட்டி வந்த அந்தப் பெண்.

"முடிஞ்சுது அக்கா," என்றார் செயலாளர்.

"எங்க முடிஞ்சுது? அவள் இன்னும் படியில இருக்கேல்லையே."

தேநீர்க் கோப்பையோடு தலைவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். தனக்குத் தெரியாது, தான் படத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் கொஞ்சம்கூடத் தயங்காமல், "அது இரண்டாம் பாகத்தில வருது. அடுத்த மாதம் போடுவம்," என்றார்.

வாசலில் அந்தப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். தனக்கும் ஒரு ஏக்கர் இருக்கிறது, தாய் தகப்பன் வெட்டிய காடு, தான் பிறந்த வளவு, பத்திரம் மட்டும் இல்லை, நான்கு தரம் விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்றார். "அவளுக்குக் கிடைச்சது எப்பிடியெண்டு நான் பாக்கவேணும் சேர். அடுத்த மாசம் கட்டாயம் போடுவீங்கள்தானே?"

"தலைவரைக் கேள் பிள்ளை," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமையே நிர்வாகசபை கூடியது. நடந்ததைச் செயலாளர் கண்டுபிடித்திருந்தார். அதே பெயரில் வேறொரு நாட்டில் வேறு யாரோ எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதன் கதைச் சுருக்கத்தைத் தலைவர் தொலைபேசியில் வாசித்திருக்கிறார். அந்தப் படத்தை வரவழைக்க வழியில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன் நான். தலைமைப்பதவியின் மரியாதை என்னவாவது என்று ஒரு உபதலைவர் கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் பாகத்துக்கு ஒன்பது பேர். எதிர்த்து நான். ஒருவர் நித்திரை.

இல்லாத ஒன்றைக் காட்டுவதற்குத் தீர்மானம் நிறைவேற்றிய சங்கம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதோ தெரியாது.

"விதவை வாற படம் ஏதும் இருக்கோ?" என்று தலைவர் கேட்டார்.

செயலாளர் தன் கணினியில் தேடினார். "ஒண்டு இருக்கு ஐயா. ஆனா அதில பனி கொட்டுது."

"பருவம் மாறிட்டுது எண்டு சொல்லுவம்."

"ஆளும் வேறை."

"வயசு போனால் முகம் மாறாதோ?"

அந்தப் படத்தில் விதவைக்கும் கணவனின் தம்பிக்கும் ஒரு பேக்கரியைப் பற்றிப் பிணக்கு. பேக்கரி என்று வரும் இடமெல்லாம் காணி என்று சொல்லும்படி தலைவர் என்னைக் கேட்டுக்கொண்டார். வீட்டில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு இடங்கள். காணியில் மா குழைப்பதையும் காணியை அடுப்பில் வைப்பதையும் நான் எப்படிச் சொல்வது என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அடுத்த மாதம் அந்தப் பெண் இருபத்து மூன்று பேரோடு வந்தார். உழவு இயந்திரப் பெட்டியில் நெருக்கிக்கொண்டு வந்திறங்கினார்கள். வட்டம் தொடங்கிய நாள் முதல் இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. தலைவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பத்துத் திரியும் எரிந்தது. தலைமையுரை வழக்கத்தை விட நீண்டது. காலம் கடந்துவிட்டது என்றும், அந்தத் தாய் குளிர்ப் பிரதேசத்தில் குடியேறிவிட்டாள் என்றும் சொன்னார்.

படம் ஓடத் தொடங்கியது. நான் வரிகளை உள்ளபடியே சொன்னேன். "இந்தப் பேக்கரி என் கணவருடையது."

"பேக்கரியா?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"காணி கெடச்சப்புறம் போட்டிருப்பா," என்றாள் இன்னொருத்தி.

"அப்ப கெட்டிக்காரிதான்."

சிரிப்பு அடங்கவில்லை. அன்று பின்னறைக்குப் போகாமல் முன்வரிசையில் இருந்த தலைவர் திரும்பி என்னை முறைத்தார். காணி என்று உதட்டை அசைத்துக் காட்டினார். நான் அடுத்த வரியையும் பேக்கரி என்றே வாசித்தேன்.

அந்தப் பெண் எழுந்தார். "சேர், கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ."

செயலாளர் நிறுத்தினார்.

"இது அவள் இல்லை," என்றார்.

"தங்கச்சி, காலம் போனால் ஆக்கள் மாறுவினம்தானே," என்றார் தலைவர்.

"மாறலாம் ஐயா. மூக்குமோ?"

இந்த முறை சிரிப்பில் எங்கள் நிர்வாகிகள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"நான் குறை சொல்ல எழும்பேல்ல. படியில இருந்து பத்திரம் எடுத்தவள் எண்டு ஐயா சொன்னீங்கள்தானே. நானும் போய் இருந்தனான்."

அவர் சொல்லிக்கொண்டு போனார். பிரதேச செயலகத்துப் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். முதல் நாள் காவலாளி எழும்பிப் போகச் சொன்னான். இரண்டாம் நாள் ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். மூன்றாம் நாள் பெரியவர் கூப்பிட்டு அவருடைய விண்ணப்பக் கோவையைத் தேடி எடுப்பித்தாராம்.

"அளக்க வாறதுக்குத் திகதி தந்திருக்கினம். அளந்தாப்பிறகு என்ன செய்யவேணும், ஆரைப் பாக்கவேணும்? அதை அறியத்தான் இவ்வளவு பேரும் ஒருநாள் கூலியை விட்டிட்டு வந்தனாங்கள். இவையளுக்கும் பத்திரம் இல்லை. அவள் பிறகு என்ன செய்தவள்?"

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் செயலாளரைப் பார்த்தார். ஒலிவாங்கி என் கையில் இருந்தது.

"பிள்ளை, அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் இல்லை. நீங்கள் பார்த்ததுதான் முழுப்படம். அவளுக்குக் காணி கிடைக்கவில்லை," என்றேன்.

"படியில இருந்தவளோ?"

"இல்லை. தலைவர் சொன்னது வேறை படம். அவள் திரும்பி நடந்து போனவள். அவ்வளவுதான்."

"அப்ப அவள் ஒருக்கா இருந்து பாத்திருக்கலாம்," என்றார் அவர்.

இரண்டு தரம் பார்த்து, வரிவரியாக எண்ணி, பிழையில்லாமல் நான் சொன்ன படம் இந்தப் பெண்ணை வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கும். பார்க்காத படத்தைப் பற்றி ஒரு மனிதர் வாய்க்கு வந்தபடி சொன்னது இவரைப் பெரியவரின் மேசை வரை கொண்டுபோயிருக்கிறது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த இளக்காரம் இதனால் குறையவில்லை. கூடியது என்றுகூடச் சொல்லலாம்.

ஏனென்றால் தலைவர் உடனே எழுந்து, கலை மக்களுக்கு வழிகாட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தொடங்கிவிட்டார். அந்தப் பெண் இடைமறித்தார். "அது சரி ஐயா. அளந்தாப்பிறகு என்ன செய்யிறது?"

முன்வரிசையில் இருந்த எங்கள் உபதலைவர்களில் ஒருவர் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் காணிப் பகுதியில் பல வருடம் வேலை செய்தவர். ஒவ்வொரு மாதமும் வாழ்த்துரை அவருடையது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதெல்லாம் இங்க கதைக்கிற விஷயமில்லை. அலுவலக நேரத்தில வாங்கோ," என்றார். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம். எந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை. கதிரையில் இருந்தார். "சரி, இதைப் போடுங்கோ. பேக்கரி என்னவாகுது எண்டு பாப்பம்."

மிச்சப் படத்தை அவர்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். பேக்கரி போய்விடுகிறது. அதையும் உள்ளபடியே வாசித்தேன்.

அளக்க வந்தார்கள். எல்லைக் கட்டைகள் அடித்தார்கள். பத்திரம் வரவில்லை. பொதுமக்கள் தினமான புதன்கிழமைகளில் அந்தப் பெண் மறுபடி படிக்குப் போகத் தொடங்கினார். கூட இரண்டு மூன்று பேர். இது எங்கள் நிர்வாகசபைக்கு எட்டியதும் ஆண்டு மலரில் அட்டைப்படமாகப் போடலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதவேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு முச்சக்கர வண்டியில் நான்கு பேர் போனோம்.

அவர் படியின் ஓரமாக, கோவையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைவர் தொலைபேசியை நீட்டிக்கொண்டு, "ஒரு படம் எடுப்பம் தங்கச்சி, கொஞ்சம் இஞ்ச பாருங்கோ," என்றார்.

"படம் இன்னும் முடியேல்ல ஐயா. முடிஞ்சாப்பிறகு வாங்கோ," என்றார் அவர், திரும்பாமல். அவருடைய பார்வை கந்தோர்க் கதவில் இருந்தது.

தலைவர் வற்புறுத்தவில்லை. ஆனால் வந்த பயணம் வீணாகக் கூடாது என்று நினைத்தார். தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, செயலாளரையும் காணிப் பகுதி உபதலைவரையும் இரண்டு பக்கத்திலும் நிறுத்தி, அந்தப் படியிலேயே ஏறி நின்றார். அவர்களுக்கு இடம் போதவில்லை. அந்தப் பெண் கோவையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தார்.