பதினான்காம் கேள்வி

என் ஆய்வுக்காக நான் தயாரித்த கேள்வித்தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. அதில் பதினான்காம் கேள்வி ரொம்பச் சாதாரணமானது: "உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?" பக்கத்தில் மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். எட்டு வருடம் ஆராய்ச்சி செய்த என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கேள்விதான்.

தலைப்பைச் சுருக்கிச் சொல்கிறேன். முழுத் தலைப்பைச் சொன்னால் என் வீட்டுக்காரரே கொட்டாவி விடுவார். கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் பெண்களின் குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தாமதமாகிறது. ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. நான் கல்வியியல்காரி. தறிச் சத்தம் சம்பந்தப்பட்டது என்பதால் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு காது மருத்துவரையும் சேர்த்துக்கொண்டோம். தாய்மார்களுக்குக் காதில் குறை இருக்கிறது என்று உங்கள் கணக்கெடுப்பில் தெரிந்தால், பரிசோதனைக் கருவியோடு வண்டியே அனுப்புகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

அப்படி எதுவும் தெரியவரவில்லை. போன வீட்டிலெல்லாம் "நல்லாக் கேக்குமுங்க" என்றார்கள். வண்டி வேறு ஊருக்குப் போனது. குழந்தை பேசாததற்குத் தாயின் காது காரணமில்லை, தாய்க்கு நேரமில்லாததே காரணம் என்று நான் கட்டுரை எழுதினேன். அது ஒரு ஆய்விதழில் வெளிவந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுக்க அதன்மேல்தான் நின்றது.

நான் வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. எனக்குச் சொந்த ஊர் காரமடைப் பக்கம். எங்கள் சனங்களின் மரியாதை எனக்கு அத்துப்படி என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு. வீட்டுக்கு ஆள் வந்தால் ஓடுகிற தறியை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, எதிரே உட்கார்ந்து, நம் முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்வார்கள். எத்தனை மரியாதை என்று நான் உருகிப்போனேன். அமைதியான இடத்தில், நேருக்கு நேர், தெளிவாக நேர்காணல் எடுக்கப்பட்டது என்று ஆய்வேட்டில் பெருமையாக எழுதியும் வைத்தேன்.

இன்னொன்றும் எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அந்த வீட்டுக் குழந்தைகள் எதைக் கேட்பதானாலும் முதலில் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசும். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பாசப் பிணைப்பு என்று அதற்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் கொடுத்திருந்தேன். என் ஆய்வு வழிகாட்டியான கைடு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'அருமை' என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தபோது, ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தேன். அந்தப் படிவத்துக்குரிய அக்காவைத் தேடிக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டோடு ஒட்டிய குடோனில் இன்னொருவருக்காகத் தறி ஓட்டுகிறவர். எனக்கு அன்றைக்குச் சளியும் இருமலும். அவருக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று முகக்கவசம் போட்டிருந்தேன்.

என்னைக் கண்டதும் வழக்கம்போலத் தறியை நிறுத்தினார். "வாங்கம்மணி, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுங்க்கா, அதை வாங்கத்தான் வந்தேன்" என்றேன்.

"இப்பத்தானுங்க அடுப்புல வெச்சேன். காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்" என்றார்.

சரி, உபசாரம் என்று நினைத்தேன். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கம்மணி, இந்த வருசம் வெயிலு சாஸ்திதானுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். குரலைக் கூட்டவில்லை. அதே கேள்வியை அதே மாதிரி கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். "போயிருச்சுங்க, எட்டரைக்கே வேன் வந்துரும்" என்றார்.

கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு, "அக்கா, உங்களுக்குக் காது கேக்குதுங்களா?" என்றேன். நான் எதைச் சோதிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. எழுந்துபோய்க் குடோன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அம்மணி, இதை ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. தறி பெல்ட்டுல ஒருத்தரு கை மாட்டிக் கத்துனா இவளுக்குக் கேக்காதுன்னு என்னைய நிறுத்திப்போடுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருசமா ஒடம்பு செரியில்லைங்க" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வாரம் இன்னும் சில வீடுகளுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். சளி தீர்ந்துவிட்டது, ஆனாலும் கவசம் போட்டுக்கொண்டு போனேன். பல வீடுகளில் அதே கதை. அவர்களெல்லாம் என் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். காது கேட்கிறதா என்ற கேள்வியைக்கூடக் கண்ணால் படித்துவிட்டு, நல்லாக் கேக்குமுங்க என்றிருக்கிறார்கள். குழந்தைகள் தாடையைத் திருப்பியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மா பார்க்காதபோது பேசிப் பிரயோசனமில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தை பேச்சைக் குறைத்துக்கொள்ளத்தானே செய்யும். எட்டு வருடமாக நான் தேடிய விடை என் நாற்காலிக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தது. நான் அதற்கு நேர்மாறாக எழுதி அச்சிலும் ஏற்றியிருந்தேன்.

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் கைடு வீட்டுக்கு ஓடினேன். அவர் நல்ல மனுஷி. எனக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து திருத்தம் போட்டுக் கொடுத்தவர். பொறுமையாகக் கேட்டார், முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இங்க பாரு கண்ணு. நாம கேட்டோம், அவங்க சொன்னாங்க. சொன்னதை எழுதியிருக்கறோம். இதுல பொய்யி எங்க இருக்குது?"

"உண்மையும் இல்லீங்களே மேடம்."

"'சுயமாகத் தெரிவித்த தகவல், கருவியால் சோதிக்கப்படவில்லை'ன்னு ஒரு வரி, வரம்புகள்ங்கற எடத்துல சேத்துக்க. ஒலகம் பூராவும் அப்படித்தான் பண்றாங்க. நான் ரிட்டையர் ஆக இன்னும் ஆறு மாசந்தான். உனக்குக் கடைசி எக்ஸ்டென்ஷனும் முடிஞ்சுபோச்சு. இப்ப அந்தக் கட்டுரையைத் திருப்பி வாங்கினா சமர்ப்பிக்கவே முடியாது. பட்டத்தை வாங்கிப்போடு. அப்புறம் நீயே வண்டியெல்லாம் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணு, ஆரு வேண்டாங்கறா?"

அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கண்ணு என்று கூப்பிட்டு, முறுக்கு கொடுத்து, தப்பு சொல்ல முடியாத மாதிரி பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? செரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரு மின்னஞ்சல் அடித்தேன். அனுப்பவில்லை. தினமும் திறந்து ஒரு வார்த்தையை மாற்றுவேன், மூடிவிடுவேன். கேட்டால் எனக்கு ஒரு சாக்கு தயாராக இருந்தது: நான் உண்மையைச் சொன்னால் அந்த அக்காவின் வேலை போய்விடும். அந்தச் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊரைச் சொல்லாமல், ஆளைச் சொல்லாமல் உண்மையை மட்டும் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. எங்கள் பக்கம் அது பாதித் தேர்வு, பாதிக் கல்யாணம். அரங்கு நிறைய ஆள் வேண்டும், வந்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போட வேண்டும். ஆய்வில் பங்கேற்றவர்களையும் கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று கைடு யோசனை சொல்ல, கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு வேனில் பெண்கள் வந்தார்கள். மரியாதைக்கு அவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பட்டுச் சேலையில் நடுவில் அந்த அக்கா.

வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்திருந்தார். சிக்கலான கேள்வி எதுவும் இல்லாமல் முடிந்துவிடும் என்று நான் நம்பியிருந்த நேரத்தில் அவர் நான்காம் இயலைத் திறந்தார். வந்திருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டார்.

"இவ்வளவு சத்தத்துல வருஷக்கணக்கா நிக்கறவங்களுக்குக் காதுல ஒண்ணுமே ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அதை நம்பறீங்களாம்மா? சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லலாம். அந்தப் பகுதியைத் திருத்திக் கொடுக்க நேரம் வாங்கித் தரேன்."

அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்கு வழிவிட முடியாது. எனக்கு அதில் நுழையத்தான் ஆசை. ஆனால் திருத்தம் என்றால் மறுபடி கணக்கெடுப்பு, புது கைடு, இன்னும் எத்தனை வருடமோ. கைடு தலை நிமிரவில்லை, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சமையல்காரர் இலை எண்ணிக்கையைக் கேட்டு என் வீட்டுக்காரருக்குப் பின்வாசலில் சைகை காட்டினார். முதல் வரிசையில் எல்லாக் கண்களும் என் வாயின்மேல் இருந்தன. அந்த அக்கா வேண்டாம் என்று மிகச் சின்னதாகத் தலையை அசைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தலையசைப்பைப் பார்ப்பதற்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன்.

"நல்லாக் கேக்குதுங்க சார். அவங்களே சொன்னதுங்க."

அவர் ஆய்வேட்டை மூடினார். கை தட்டினார்கள். என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டு ஒருவர் மைக்கில் வாழ்த்தினார். சால்வைகள் வந்தன. எனக்கு வெளியே போக வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பந்தியாக நின்று சாம்பார் போதுமா என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

கை கழுவும் இடத்தில் அந்த அக்கா எனக்காகக் காத்திருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கோசரம் அத்தனை பெரியவிங்க முன்னால பொய்யி சொன்னீங்களே அம்மணி. சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க. எங்க வரிசையில உக்காந்திருந்தவிங்க எல்லாருமே உங்களைக் கும்புடோணும்னு சொன்னாங்க."

எல்லோருமே. அந்த வரிசையில் ஒருவருக்கும் சரியாகக் காது கேட்காது என்பதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். உங்களுக்காக இல்லீங்க்கா, எனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதுக்கென்னுங்க்கா, உங்களுக்குச் செய்யாம வேற ஆருக்குச் செய்யறது" என்றேன். அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.