மூன்று நாடுகளும் இரண்டு யானைகளும்

கிராம சேவகர் வேலை என்றால் விதை கொடுப்பது, உரம் கொடுப்பது என்று நினைப்பீர்கள். பாதி நாள் ஒருத்தருக்கொருத்தர் ஆகாத ஆட்களை ஒரே பாயில் உட்கார வைப்பதுதான் அந்த வேலை. கமிட்டி கூட்டிப் பார்த்தவர்கள், சங்கத்துக்குச் செயலாளராக மாட்டிக்கொண்டவர்கள், கல்யாணத்தில் இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவே நின்று திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். கண்ணமங்கலத்துக்காரனான என்னைத் தூக்கி ஜவ்வாது மலைமேல் போட்டார்கள். மலையில் பல குக்கிராமங்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தலைவர் உண்டு, அவர்தான் நாட்டான். அங்கே அவர் சொல்தான் சட்டம். கல்லாத்து நாடு, வேங்கை நாடு, புளியந்துறை நாடு என்று மூன்று என் தலையில் விழுந்தன.

பி.டி.ஓ. படித்த பேப்பர்

நான் போவதற்கு முந்தின வருஷம்தான் ஆந்திரா பக்கத்திலிருந்து இரண்டு யானைகள் மலையேறி வந்திருந்தன. எங்கள் ஜனங்களுக்குக் கரடி தெரியும், காட்டுப்பன்றி தெரியும். யானையைக் கோயிலில் பார்த்ததோடு சரி. சாமை அறுப்புக்கு நிற்கிற நேரமாகப் பார்த்து இறங்கின. கல்லாத்து நாட்டில் விரட்டினால் வேங்கை நாட்டுக்குப் போகும். அங்கே விரட்டினால் புளியந்துறைக்குப் போகும். தன் எல்லையைத் தாண்டிவிட்டால் போதும், அப்பாடா என்று அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் நன்றாக அடிபட்டவள் சின்னப்பொண்ணு. கல்லாத்து நாட்டின் கடைசி நிலம் அவளுடையது. வரப்பை ஒட்டி எல்லைக்கல், அதற்கு அந்தாண்ட வேங்கை நாடு. இரண்டு பக்கத்து விரட்டலும் அவள் வெள்ளாமையில் வந்துதான் முடியும். புருஷன் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் கூலி. இந்த வருஷத்துக்கு விதை வாங்க வந்தபோதே என்னிடம் சொல்லிவிட்டாள், இந்த வாட்டியும் வெள்ளாமை போனால் நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கீழே இறங்கிவிடுவேன் என்று. சொல்லும்போது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் மேலதிகாரி பி.டி.ஓ.விடம் போய் முறையிட்டேன். மனிதர் இங்கிலீஷ் பேப்பரைக் கீழே வைக்காமலே கேட்டார். ஐரோப்பாவில் அத்தனை தேசங்கள், ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொண்டு செத்தவர்கள், இப்போது எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புக் கொள்கை வகுக்கலாமா என்று பேசுகிறார்களாம். பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கிச் சொன்னார்: "பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் ஒரே மேஜையில உக்கார்றான்யா. உன்னால மூணு நாட்டானை ஒரு பாயில உக்கார வைக்க முடியாதா?"

எந்தப் பாய்?

முடியவில்லை. பாயை எங்கே விரிப்பது என்பதே தகராறு. ஒரு நாட்டான் இன்னொரு நாட்டு மண்ணுக்குப் போய்ப் பேசினால் இறங்கிப் போனதாக அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்றேன், அது கல்லாத்து நாட்டில் இருந்தது. மாரியம்மன் கோயில் என்றேன், அது வேங்கை நாட்டில் இருந்தது. நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மூன்று எல்லையும் வந்து முட்டுகிற ஒரு பாறையைக் கண்டுபிடித்தேன். மூன்று பேரும் வந்தார்கள். அவரவர் தன் மண்ணில் தன் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் இடமில்லை. நான் எந்தப் பக்கம் குந்தினாலும் மற்ற இரண்டு பேர் முறைத்தார்கள். உச்சி வெயிலில் நின்றபடி பேசினேன். வேங்கை நாட்டான் வாட்டசாட்டமான ஆள், குரல் மலைக்கு மலை கேட்கும். என்மேல் இரக்கப்பட்டு அவர் சொன்னார்: "நீங்க சர்க்கார் ஆளு சார், உங்களுக்குன்னு மண்ணே கெடையாது. நின்னுக்கினே பேசுங்க."

ஐரோப்பாவுக்கு எது யானை?

பி.டி.ஓ. சொன்ன ஐரோப்பாவை நான் எடுத்து விட்டேன். வெள்ளைக்காரன் கதை என்றதும் மூன்று பேரும் காதைக் கொடுத்தார்கள். கல்லாத்து நாட்டான் ஒல்லி, எதையும் நம்ப மாட்டார். "அவங்களுக்கு இன்னா கஷ்டம்? அவங்க ஊர்ல யானை கீதா?" என்றார். யானை இல்லை, கிழக்கே ரஷ்யாக்காரன் பெரிய பட்டாளத்தோடு நிற்கிறான், அவன் வந்துவிடுவானோ என்ற பயம் என்றேன். வந்தால் யார் சுடுவது என்று வேங்கை நாட்டான் கேட்டார். பெரிய துப்பாக்கியெல்லாம் அமெரிக்காக்காரனிடம் இருக்கிறது, அவன் கடலுக்கு அந்தாண்ட இருக்கிறான், வருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கும் அடிவாரத்து ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது. யானை வந்தால் ஆள் அனுப்பவேண்டும், ஆள் இறங்கவேண்டும், ஜீப் ஏறவேண்டும். அதற்குள் யானை சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டிருக்கும். அதுவரை வாயே திறக்காத புளியந்துறை நாட்டான் முதல்முறையாகப் பேசினார்: "துப்பாக்கிக்காரன் தூரத்துல கீறான், யானை கிட்டத்துல கீது. அவங்களுக்கும் நம்ம கதைதான், பாவம்."

யார் முன்னால் போவது?

அந்த இரக்கத்தில் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! அடுத்த கூட்டத்தில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்று ஆரம்பித்தது. போன வருஷம் யானையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டவன் யார் என்று புளியந்துறை ஆட்கள் கேட்டார்கள். உன் பக்கம் தள்ளாமல் என் மடியிலா வைத்துக்கொள்வது என்று வேங்கை ஆட்கள் எகிறினார்கள். ஒருவன் தடியை ஓங்கியேவிட்டான். நான் நடுவில் போய் விழுந்தேன். என் சட்டைப் பை கிழிந்தது. தூரத்தில் சின்னப்பொண்ணு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிலத்தில் சாமை பழுத்துத் தலை சாய்ந்துவிட்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சர்க்கார் ஆள் என்பதை மறந்து கத்தினேன். அதற்குப் பிறகு ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். எங்கே பறை கேட்டாலும் மூன்று நாட்டு ஆட்களும் பந்தம், தகரம், தடியோடு ஓடிவர வேண்டும். யாருடைய மண்ணில் யானை நிற்கிறதோ அந்த நாட்டான் சொல்படி மற்றவர்கள் நடக்க வேண்டும். பந்தத்துக்கு எண்ணெய் யார் கொண்டுவருவது என்பதுவரை பேசி முடித்தாகிவிட்டது. கல்லாத்து நாட்டான் துண்டை உதறிக்கொண்டு எழுந்து சொன்னார்: "ஒண்ணு வுடாம பேசிட்டோம் சார். இனிமே கஷ்டம் யானைக்குத்தான்."

எல்லைக்கல்

மறுவாரமே வந்தன. பொழுது சாய்கிற நேரம், பறை கேட்டது. நான் ஓடியபோது இரண்டு யானைகளும் சின்னப்பொண்ணு நிலத்தில் நின்றிருந்தன. சாமையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு, அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன. சின்னப்பொண்ணு காவல் பரண்மேல் தனியாக நின்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். கல்லாத்து நாட்டான் வேண்டுதலுக்காகப் பாதி ஜனத்தோடு படவேடு கோயிலுக்குப் போயிருந்தார். மீதி இருந்த சில ஆட்கள் தூரத்தில் நின்று கூச்சல் போட்டார்கள்.

அந்தப் பக்கம் வேங்கை நாட்டு ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள். பின்னாலேயே புளியந்துறை ஆட்களும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நம்ம கூட்டம் வீண்போகவில்லை என்று. வந்தவர்கள் எல்லைக்கல்லில் வந்து டக்கென்று நின்றார்கள். ஒரு கால்கூட இந்தாண்ட வரவில்லை. "வாங்கய்யா!" என்று அலறினேன். வேங்கை நாட்டான் கேட்டார்: "வெத்தல எங்க?"

தடியோடு இன்னொரு நாட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்த நாட்டான் எல்லையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமாம். புளியந்துறைக்காரர்களுக்கு வேங்கை நாட்டான் முறைப்படி வைத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தாராம். அழைக்காமல் நுழைந்தால் அது சண்டைக்கு வந்ததாக அர்த்தம், தலைமுறைக்கும் பகை. பாவிகளா, எண்ணெய் வரைக்கும் பேசினீர்களே, இதை ஏன் சொல்லவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். "இத யாரும் சொல்லுவாங்களா சார்? இது தெரிஞ்சதுதான?" என்றார் அவர். அவர் முகத்திலும் வேர்வை ஓடியது. அவர் ஆட்கள் பந்தத்தோடு கல்லை ஒட்டி முண்டினார்கள். வரவேண்டும் என்று அவர்களுக்குத் துடிப்பு, வர முடியவில்லை.

இதற்குள் பெரிய யானை பரணை நெருங்கிவிட்டது. தும்பிக்கையால் பரண்கால் ஒன்றைத் தள்ளியது. பரண் சாய்ந்தது. அவள் மறுபக்கமாகக் குதித்து, விழுந்து, எழுந்து, எல்லைக்கல்லை நோக்கி ஓடிவந்தாள். முழங்காலில் ரத்தம். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வாடிப்போன வெற்றிலையும் ஒரு துண்டு பாக்கும் எடுத்துக் கல்மேல் வைத்தாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "இந்தாங்க வெத்தல. இந்த நெலத்துக்கு நான்தான் நாட்டான். உள்ள வாங்க!"

பஞ்சாயத்து

வேங்கை நாட்டான் ஒரு நொடி அந்த வெற்றிலையைப் பார்த்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். அப்புறம் எவனையும் பிடிக்க முடியவில்லை. பறையும் பந்தமும் மூன்று பக்கமும் சூழ்ந்தன. பெரிய யானை திரும்பி எங்களைப் பார்த்துப் பிளிறியபோதும் யாரும் ஓடவில்லை. கடைசியில் இரண்டும் ஆள் இல்லாத பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போயின. முதல்முறையாக அவை இன்னொருவர் நிலத்துக்குப் போகவில்லை. பாதிச் சாமை தப்பித்தது.

படவேட்டிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பிய கல்லாத்து நாட்டான் அதே பாறையில் பஞ்சாயத்தைக் கூட்டினார். யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தான் இல்லாதபோது ஒரு பொம்பளை அந்நிய நாட்டு ஆட்களைத் தடியோடு அழைத்துவிட்டாள், நாட்டு மானம் போயிற்று, நிலத்தை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். குறுக்கே பேசப்போனேன், மண் இல்லாதவன் வாயை மூடு என்றார்கள். வேங்கை நாட்டானும், பொம்பளை வைத்த வெற்றிலைக்கு வந்தோம் என்று வெளியில் தெரிந்தால் கேவலம் என்று தலையைக் குனிந்துகொண்டார். சின்னப்பொண்ணு முழங்கால் கட்டோடு எழுந்து நின்றாள். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டாள்: "யானை உள்ள வர்றப்போ அதுக்கு உங்கள்ல யாரு வெத்தல வெச்சது?"

மூன்று நாட்டான்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட, நிலமும் மிச்சச் சாமையும் அவளுக்கே நின்றன என்பதையும், ஐரோப்பாக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று பி.டி.ஓ. பேப்பரைப் பார்த்துச் சொன்னபோது, அவர்கள் கூட்டத்துக்கும் சின்னப்பொண்ணு மாதிரி எல்லையோரத்து நிலத்துக்காரியை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியதையும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.