என் தம்பியும் மூக்கால் பேசும் பெட்டியும்

என் தம்பி ஒரு நிகழ்ச்சியில் ஐந்து பாட்டு முழுவதும் சத்தமே இல்லாமல் பேஸ் கிட்டார் வாசித்தான். கிட்டாரில் செருகியிருந்த ஒயர் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இருநூறு பேருக்குத் தெரியவில்லை. வாசித்தவனுக்கே தெரியவில்லை. எல்லாம் முடிந்து மூட்டை கட்டும்போதுதான் கீபோர்டு வாசிப்பவர் அந்த ஒயரை மிதித்திருக்கிறார்.

"டேய், இது உன்னுதா?"

"ஆமா."

"அப்ப இவ்வளவு நேரம் எதுலடா வாசிச்சே?"

"கிட்டார்லதான். எப்படி வேர்த்திருக்கு பாரு."

கீபோர்டுக்காரர் தொழிலால் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் வைத்த வண்டியிலேயே முப்பது வருடம் போய்வந்தவர். அடுத்தவர் வேலை செய்யும்போது சும்மா இருக்க அவர் காலுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

"நீ இல்லாமலே நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டார். "அந்த அடி சத்தத்தை என் இடது கையே பாத்துக்கும். அடுத்த நிகழ்ச்சியிலயும் நீ கேக்கலைன்னா, கீழ உக்காந்து கை தட்டு. அதுக்கும் ஆள் வேணும்ல?"

பாடுகிறவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். டிரம் அடிப்பவர் ரொட்டிக்கடைக்காரர். இரண்டு பேரும் தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. என்னவென்று பேசுவார்கள்? அவர்களுக்கும்தான் கேட்கவில்லையே.

தம்பி மூன்றாம் மாடியில் இருக்கிறான். நான் அதே கட்டடத்தில் கீழ்வீடு. மேலே போகாமல் நேராக என் சமையலறைக்கு வந்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே டீயில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். அழுதிருந்தால்கூட நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். அடுத்த நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் இருந்தது.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தாறு. வேலை, லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடுகிறவரை அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் திட்டுவதற்குக் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒருமுறை குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது அவனைக் காணோம் என்று பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் இறங்கித் தேடினோம். அவனும் எங்களோடு இறங்கித் தேடினான். பத்து நிமிடம் கழித்துத்தான், "யாரைத் தேடறோம்?" என்று கேட்டான். அம்மா அவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பேஸ் கிட்டாரும் அப்படி வந்து சேர்ந்ததுதான். தொழிற்பயிற்சி நிலையத்தில் நாலு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். யாருக்கு எந்த வாத்தியம் என்று பிரித்தபோது இவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது மிச்சம் இருந்தது தடித்த நாலு தந்தி போட்ட அந்தப் பேஸ். பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த ஒலி அதனுடையது. அன்று எடுத்ததை இன்றுவரை கீழே வைக்கவில்லை. அந்தக் குழு கலைந்து, இந்தக் குழுவில் சேர்ந்தே பத்தொன்பது வருடம் ஆகிறது.

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் பெட்டியும் மட்டும் அவனுக்கு ஒத்து வரவே இல்லை. ஒன்று, எட்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி. பீரோ உயரம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நாலு நாள் நின்றது. அந்த மாடிக் குடும்பம் அதன்மேல் பால் பாத்திரத்தை வைக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்தது, சாப்பாட்டு டப்பா அளவு ஒரு நவீன சாமான். தூக்க சுகமாக இருந்தது. சத்தமும் டப்பா அளவுதான். கழன்ற ஒயர் அதில்தான் செருகியிருந்தது. ஒவ்வொன்றையும் வாங்கி வந்த அன்று, "அக்கா, இதுதான்!" என்பான். மேடை ஏறினால் காணாமல் போவான்.

"இந்தத் தடவை வால்வு ஆம்ப்ளிஃபையர்," என்றான். பழைய வால்வு ரேடியோ மாதிரி, உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடாகிச் சிவந்தால்தான் சத்தம் வரும் சாதனம். இளவயதிலிருந்து அதன்மேல் ஒரு கண் அவனுக்கு.

அவன் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டாள். "இன்னொரு பெட்டியா? அண்ணி, நீங்க கூடப் போங்க. தனியா விட்டா இவர் கடைக்காரர் அழகாச் சிரிச்சார்னு வாங்கிட்டு வந்துடுவார்."

எனக்குச் சங்கீதம் தெரியாது. முப்பத்தொரு வருடம் நர்ஸாக நோயாளிகளைப் புரட்டி, தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிய அனுபவம் உண்டு. போனேன்.

கடைக்காரர் வயதானவர். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. கடை முழுக்கச் சூடான தூசியின் வாசனை. முதலில் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையரைத் தட்டிக் காட்டினார்.

"முந்நூறு வாட்டு. ஆறு பெரிய வால்வு. போட்டீங்கன்னா ஜன்னல் கம்பி ஆடும்."

"கனம் எவ்வளவு?" என்றேன்.

"முப்பத்தொன்பது கிலோம்மா."

தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியது. மூன்று வாரம் படுக்கை. நான்தான் பார்த்துக்கொண்டேன். "தூக்கு பாக்கலாம்," என்றேன். இடுப்பை வளைத்தான். "முதுகை இல்ல, முழங்காலை மடக்கு. உடம்போட ஒட்டிப் பிடி." இரண்டு அங்குலம் எழும்பியது. அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரரே ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"கீழ வை. இது வேண்டாம்."

"அக்கா, இன்னும் ஆன் கூடப் பண்ணல!"

"ஆன் பண்ணினா கனம் குறையுமா?"

கடைசியில் நூறு வாட்டில் ஒன்றை எடுத்தார்கள். நாலு பெரிய வால்வு, இருபத்திரண்டு கிலோ. வால்வு என்றால் நூறே ஒரு சின்ன மண்டபத்துக்குத் தாங்கும் என்றார் கடைக்காரர். கூடவே இரண்டு விதி சொன்னார். ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஆன் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பெட்டியின் முதுகில் எட்டு ஓம் என்று எழுதியிருந்தால் ஆம்ப்ளிஃபையரின் முதுகிலும் எட்டில்தான் செருக வேண்டும். இதில் எனக்குச் சிரமமே இல்லை. சிறுநீர் வடியும் பையை மாட்டாமல் குழாயைத் திறக்கக் கூடாது, கட்டில் சீட்டிலும் கைப்பட்டையிலும் பெயர் ஒத்துப்போகாமல் ரத்தம் ஏற்றக் கூடாது. அதே வேலை, வேறு சாமான்.

தகராறு பெட்டியில் வந்தது. இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பதினைந்து அங்குலத்தில் ஒரே ஸ்பீக்கர், முன்பக்கம் காற்றுத் துளை. இன்னொன்றில் பத்து அங்குலத்தில் நாலு, சுற்றிலும் மூடியது.

முதல் பெட்டியில் தம்பி வாசித்ததும் என் செருப்புக்குள் தரை அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான். கடைக்காரரும் மூடிக்கொண்டார். "அக்கா, இதுதான்!" என்றான்.

இரண்டாவதில் வாசித்தான். ஜலதோஷம் பிடித்தவன் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி வந்தது.

"இது வேண்டாம். மூக்கால பேசுது."

எனக்கு ஒரு பழைய தலைமையாசிரியர் ஞாபகம் வந்தார். நான் பார்த்துக்கொண்ட நோயாளி. காதுக் கருவி வாங்க அவரை அழைத்துப் போனேன். அங்கே அமைதியான அறை, மெத்தைச் சுவர், இனிமையான குரலில் ஒரு பெண். எல்லாம் கேட்கிறது என்று சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார். வீட்டில் சலவை இயந்திரமும் டிவியும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு சொல் விளங்கவில்லை. அடுத்த முறை அவரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய், பஸ் இரைச்சலில் நிறுத்திக் கருவியைத் தேர்ந்தெடுத்தோம்.

"உன் ரொட்டிக்கடைக்காரருக்கு போன் போடு," என்றேன். "டிரம் அடிக்கணும்."

"இப்பவா? அவனுக்கு அடுப்பு நேரம்."

"உன் நாற்காலி போற நேரம்டா இது. போடு."

வந்தார். முழங்கைவரை மாவு. கடையில் ஒரு டிரம் செட் விற்பனைக்கு இருந்தது. கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு நான் தெருவைக் கடந்து எதிரே பஞ்சர் ஒட்டும் கடையில் போய் நின்றேன். பேஸ் கேட்டால் கையைத் தூக்குவேன் என்பது ஏற்பாடு.

முதல் பெட்டி. டிரம் இடித்தது. கண்ணாடிக்குள் தம்பி தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பது தெரிந்தது. மேளச் சத்தத்துக்கு அடியில் ஏதோ மந்தமாக உறுமியது. தூரத்து லாரியாகவும் இருக்கலாம். நான் கையைத் தூக்கவில்லை.

இரண்டாவது பெட்டி. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெருவைத் தாண்டி வந்தது. கையைத் தூக்கினேன்.

தம்பி கிட்டாரை மாட்டியபடியே வாசலுக்கு வந்து கத்தினான். "அக்கா, வேணும்னேதானே தூக்காம நின்னே?"

"எனக்கென்னடா வந்தது? இந்தப் பெட்டிக்கும் எனக்கும் சொத்துத் தகராறா?"

"முதல் பெட்டி எவ்வளவு அழகா இருந்துச்சு!"

"உனக்கு. கிட்ட இருந்து, தனியா, கண்ணை மூடிக்கிட்டு."

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே குறுக்கிட்டார். "ஏங்க, அந்த முதல் தடவை டிரம் மட்டும்தானே வாசிச்சாங்க? அந்த உயரமானவர் அப்ப எதுக்கு ஆடினார்?"

தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், பரிசோதனை முடிவு வந்த முகம். இவ்வளவு வருடமும் தனக்கு இனிமையாகப் பட்டதையே தேடித் தேடி வாங்கி, அந்த இனிமைக்குள்ளேயே காணாமல் போயிருக்கிறான்.

"ஆனா மூக்கால பேசுதேக்கா," என்றான், குரல் இறங்கி.

"பேசுதுல்ல?"

நாலு ஸ்பீக்கர் பெட்டி வீட்டுக்கு வந்தது. மாடி ஏற்றும் முறையை நான் சொல்லிக் கொடுத்தேன். கீழே மடித்த போர்வை, மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள், ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கை. பெட்டிக்கும் தம்பிக்கும் காயமில்லை. ஆறு வாரம் தினமும் வாசித்தான். தினமும் குமிழைத் திருப்பி அந்த மூக்குச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தான். அவன் மனைவி குமிழ்களின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். பிளாஸ்திரி நான் கொடுத்தது.

நிகழ்ச்சி ஒரு ஞாயிறு மதியம், ஊழியர் சங்க மண்டபத்தில். ஒத்திகைக்கு நேரம் கிடைக்கவில்லை. தம்பி ஸ்பீக்கர் ஒயரை இரண்டு முறை சரிபார்த்து, எட்டுக்கு எட்டு பார்த்து, ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டு வால்வு சூடாகக் காத்திருந்தான்.

"என்னடா, இது பல்லு தேச்சிட்டுத்தான் வருமா?" என்றார் கார் வாத்தியார்.

நானும் தம்பி மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதல் பாட்டு தொடங்கியது. கேட்டது. சுவர் ஓரம் நின்றிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர் இவ்வளவு வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தாரா?" என்றாள். கார் வாத்தியார் தன் இடது கையை ஒருமுறை பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் பாட்டில் வந்தது வினை. நடுவில் மெட்டு மாறி, பாட்டு வேறு பக்கம் திரும்புகிற இடம். எல்லோரும் திரும்பினார்கள், தம்பி மட்டும் நேராகப் போனான். மண்டபமே கேட்கும்படிப் போனான். பாடகி பாதி வரியில் நிறுத்தினாள். டிரம் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டு மறந்து நின்றது. முதல் வரிசையில் ஒருவர் சிரித்தார்.

மேடையில் மைக்கை அணைக்காமலேயே கார் வாத்தியார் சண்டையை ஆரம்பித்தார். அதனால் எங்களுக்கும் எல்லாம் கிடைத்தது.

"என்னடா வாசிக்கிறே?"

"எப்பவும் வாசிக்கிறதைத்தான்."

"எப்பவுமா?"

"பத்தொன்பது வருஷமா இதான் வாசிக்கிறேன்."

"பத்தொன்பது வருஷமா தப்பா வாசிச்சிருக்கேடா!"

நான் எழுந்துவிட்டேன். அவன் உடைந்துபோவான் என்று நினைத்தேன். அவனோ பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சாவா? தெருவுக்கே கேட்டிருக்கும்!"

"கேக்கலைன்னாத்தானே கீழ உக்காரணும்?"

கார் வாத்தியாரின் வலது கால், பழக்க தோஷத்தில், இல்லாத பிரேக்கை மிதித்தது. டிரம்மின் பின்னாலிருந்து ரொட்டிக்கடைக்காரர், "பேச்சுன்னா பேச்சுதான்பா," என்றார். பாடகி தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நடு இடம் வந்தபோது மற்ற மூன்று பேரும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில் பதறி, மறுபடியும் நேராகப் போனான். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் அவன் பின்னால் போனார்கள்.

அன்று வாசித்த பன்னிரண்டு பாட்டில் ஏழில் அவனிடம் தவறு இருந்ததாம். பாடகி மருந்துக்கடைக் காகித உறையின்மேல் ஒவ்வொன்றையும் எழுதி, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வாசிக்கும்படி குறித்துக் கொடுத்தாள். தம்பி தவறாமல் செய்கிறான். பாதி கட்டடம் என்னிடம் புகார் சொல்லிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அவன் யாரையாவது தொந்தரவு செய்திருக்கிறானா என்று கேட்டு அனுப்பிவிடுகிறேன்.